அபிதகுஜாம்பாளின் இடது கை

ஒரு சீயக்காய்ப் பொட்டலத்துக்கு அபிதகுஜாம்பாள் என்று பெயர் வைக்கிறவர் வியாபாரம் தெரிந்தவராக இருக்க முடியாது என்பது லாசரஸின் அபிப்பிராயம். ஆனால் தோத்தாத்ரிக்கு அது அம்மாவின் பெயர். குரோம்பேட்டையில் மில் வைத்து, அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் சீயக்காயோடு வெந்தயமும் பூலாங்கிழங்கும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் சேர்த்து அரைத்து விற்கிறவர், அம்மா பெயரைப் போடாமல் வேறு யார் பெயரைப் போடுவார்? “ஒரு எழுத்துக்கூடக் குறையப்படாது, லாசரஸ். அம்மா பேரைச் சுருக்கினா எனக்குச் சாதம் இறங்காது” என்று, 1963இல் லேபிள் வரையக் கூப்பிட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார்.

எட்டு எழுத்து. நூறு கிராம் பொட்டலத்தின் முகப்போ ஓர் உள்ளங்கை அளவுதான். எட்டையும் நேராக அடுக்கினால் படத்துக்கு மூச்சுவிட இடமில்லை. லாசரஸ் மூன்று நாள் அதனோடு மல்லுக்கட்டினான். கடைசியில் எழுத்துகளை வளைத்துக் கல்யாண வாசல் அலங்காரம் மாதிரி மேலே நிறுத்தினான். கீழே மிஞ்சிய இடத்தில் கூந்தலை விரித்துப் போட்டபடி ஒரு பெண் உட்கார வேண்டும்.

அந்தக் காலத்தில் அவன் தொழிலுக்குக் கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். எழும்பூரில் ஓவியம் படித்துவிட்டு, பிராட்வேயில் ஓர் அச்சகத்தில் ஆறு வருஷம் பிஸ்கட் டப்பா, பல்பொடி, ஊதுபத்தி என்று வரைந்து தள்ளிவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டின் முன்னறையில் சொந்தமாக மேஜை போட்டு உட்கார்ந்தவன். மாமனார் மட்டும் கடைசி வரைக்கும் மருமகன் சினிமா போர்டு எழுதுகிறான் என்றே உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் ஐம்பது பொட்டலங்களுக்கு நடுவே தொங்கினாலும், வாசலில் நிற்கிறவள் கை தானாக ஒன்றைக் காட்ட வேண்டும். அதுதான் தொழில். அதை மாமனாருக்கு விளக்க அவனால் முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மாடல் தேடி அவன் வெளியே போகவில்லை. அன்று சனிக்கிழமை. மனைவி ரத்தினபாய் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். வலது கையில் ஒரு பத்திரிகை. இடது கை கூந்தலின் நுனியை வெயிலுக்கு விரித்துப் பிடித்திருந்தது. லாசரஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அரைமணியில் படத்தை முடித்தான். முகத்தை மட்டும் மாற்றி, அபிதகுஜாம்பாளுக்குத் தோதாக மூக்குத்தியும் பெரிய பொட்டும் வைத்தான். மற்றதெல்லாம் பார்த்தது பார்த்தபடி.

தோத்தாத்ரி படத்தைக் கையில் வாங்கி அம்மா பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். படம் சிவகாசிக்குப் போய், லட்சக்கணக்கில் அச்சாகி வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை ரத்தினபாய் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், மார்க்கெட்டில் வாங்கிய பொட்டலம் ஒன்றை அவன் மேஜைமேல் வைத்தாள். அவள் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர்.

“கலர் நல்லா விழுந்திருக்கு இல்ல?” என்றான் லாசரஸ்.

“விரலை எண்ணுங்க.”

எண்ணினான். பிரஷ்ஷின் பின்முனையால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினான். கூந்தலைப் பிடித்திருந்த இடது கையில் ஆறு விரல்.

ரத்தினபாய்க்கு இடது கையில் ஆறு விரல்தான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. ஆறாவது விரலை அதிர்ஷ்டம் என்று ஊர் சொல்லும். அதை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பத்து வயதிலிருந்தே அவள் இடது கையில் ஒரு கைக்குட்டை சுருட்டியபடி இருக்கும். பெண் பார்க்க வந்தபோதும் இருந்தது. கல்யாண போட்டோவில் அந்தக் கை பூங்கொத்துக்குப் பின்னால் இருந்தது. மகள் பியூலா பிறந்தபோது, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விரல்களைத்தான் எண்ணினாள்; ஐந்தும் ஐந்தும் என்று தெரிந்த பிறகே வாய்விட்டு அழுதாள். வீட்டுக்குள், கொல்லையில், அவன் முன்னால் மட்டும்தான் அந்தக் கைக்குட்டைக்கு ஓய்வு. அந்த இடத்திலிருந்துதான் அவன் திருடியிருந்தான்.

“வேணும்னு செய்யல ரத்தினம். சத்தியமா சொல்றேன். எனக்கு உன் கை எப்பவும் அப்படித்தானே. கண்ணுக்குத் தெரிஞ்சதைப் போட்டேன்.”

அது உண்மை. அவனுக்கு அந்தக் கை வெறும் கை. ஏழு வருஷம் கூட வாழ்ந்ததில் எண்ணிக்கை மறந்துபோயிருந்தது. வேறு எந்த ஓவியனும் செய்திருக்க முடியாத தப்பு.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் ரத்தினபாய்.

“அடுத்த அச்சுல எடுத்துடறேன். கண்டிப்பா எடுத்துடறேன்.”

அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாகத்தான் லாசரஸின் நினைப்பு.

அடுத்த அச்சு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. விரல் போகவில்லை. “நன்னா ஓடிண்டிருக்கு. ஓடறதுல எதுக்குக் கையை வெக்கணும்?” என்று தோத்தாத்ரி சொல்லிவிடுவார். விஷயம் இதுதான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மாற்றியிருப்பார். சொன்னால் ரத்தினபாயின் கை அவருக்கும் தெரிந்துவிடும். அதனால் லாசரஸ் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கொல்லைக் கதவு சாத்திக்கொண்டது. ரத்தினபாய் பேசாமல் இருக்கவில்லை, சமைக்காமல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவன் பென்சிலோடு இருந்தால் மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டாள். வீட்டுக்குள்ளும் கைக்குட்டை வந்துவிட்டது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் தசரதன் கடை வாசலில் அந்தப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும் என்பதால், எதிர்ச்சாரியில் நடந்து வேறு கடைக்குப் போனாள். அவனுக்கு இது பெரிய வேதனை. இவளைத் தவிர வேறு யாரையும் பார்த்து வரைய அவனுக்கு வரவில்லை. காலண்டர் முகங்களைப் பார்த்து வரைந்தான். அவன் வரைந்த பிஸ்கட் டப்பாப் பெண்கள் எல்லாரும் பிஸ்கட்டே பிடிக்காதவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் விரல்களைச் சத்தமாக இரண்டு தடவை எண்ணாமல் அச்சுக்கு அனுப்பமாட்டான். படம் வாங்க வருகிற அச்சகத்துக்காரர்கள் அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று.

1972இல் தோத்தாத்ரிக்கு நாகரிகம் பிறந்தது. பொட்டலம் போதாது, அட்டைப் பெட்டி வேண்டும், நாலு கலரில் வேண்டும் என்றார். லாசரஸ் இதற்காகவே காத்திருந்தவன். அதே வளைவு, அதே எட்டு எழுத்து, அதே பெண். இடது கையில் ஐந்து விரல். அச்சகத்திலிருந்து மாதிரிப் பெட்டி வந்ததும் முதலில் ரத்தினபாயிடம்தான் கொண்டுபோனான்.

“பாரு. லேட்டானாலும் சொன்னபடி எடுத்துட்டேன்.”

அவள் வாங்கிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், ஆறாவது விரல் இருந்த இடத்தை, கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். “சரி” என்றாள். நோட்டுத் திருத்தப் போய்விட்டாள். அழுவாள் என்றோ, குறைந்தபட்சம் ஒரு காப்பியாவது கிடைக்கும் என்றோ நினைத்திருந்த லாசரஸுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமையும் கொல்லைக் கதவு சாத்தியேதான் இருந்தது.

மூன்று வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, தோத்தாத்ரி ஆள் அனுப்பினார். மில்லை ஒட்டி அவருடைய ஆபீஸ் அறை. சீயக்காய்த் தூள் காற்றிலேயே மிதக்கும். அந்த அறையில் தும்மாமல் ஒரு வாக்கியத்தை முடித்தவர் அவர் ஒருவர்தான். சுவரோரம் புதுப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எல்லாம் கடைகளிலிருந்து திரும்பி வந்தவை.

“பாருங்கோ. தாம்பரத்துலேர்ந்து ஊரப்பாக்கம் வரைக்கும் ஒரு கடை பாக்கி இல்லாம திருப்பி அனுப்பிட்டான். டூப்ளிகேட்னு பொம்மனாட்டிகள் தொடவே மாட்டேங்கறாளாம்.” பழைய பொட்டலத்தையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஆறு விரலாமே? ஒன்பது வருஷமா என் சரக்குல ஆறு விரல் இருந்திருக்கு, எனக்குத் தெரியலை. மார்க்கெட்டுல கீரை விக்கறவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

நடந்தது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் இதே மாதிரிப் பொட்டலம் அடித்து மரத்தூளும் மாவும் கலந்து விற்றான். அவன் பிடித்த ஓவியன் சுத்தமான ஆள். பார்த்து வரையும்போது கை தப்பாக இருக்கிறது என்று திருத்தி ஐந்து விரலாக்கிவிட்டான். பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. அபிதகுஜாம்பாள் என்று படிக்க வராதவர்கள், படித்தாலும் வாயில் நுழையாதவர்கள், எல்லாரும் கையை எண்ணி வாங்கக் கற்றுக்கொண்டார்கள். கடைகளில் இப்போது அதற்கு ஆறு விரல் சீயக்காய் என்றுதான் பெயர். போலிக்காரன் படுத்துவிட்டான். அது அம்மாவின் அனுக்கிரகம் என்று தோத்தாத்ரி நம்பியிருந்தார்.

“திங்கட்கிழமை காலம்பற ஆறு விரலோட படம் எனக்கு வந்தாகணும்.”

“முடியாது சார்” என்றான் லாசரஸ். உடனே மூன்று தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே மறுப்பது அத்தனை கம்பீரமாக இல்லை. “அது ஒருத்தரோட கை சார். திரும்பப் போட மாட்டேன்.”

“யாரோட கை?”

லாசரஸ் நாலாவது தும்மலைத் தும்மினான்.

“நீங்க போடலேன்னா சிவகாசியில ஆர்ட்டிஸ்டே இல்லையா? திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைத்தான் பார்க்கணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

அவன் மேஜைக்கு வருகிற வேலையில் பாதி தோத்தாத்ரி கொடுப்பது. மீதியில் பாதி அவர் சொல்லி வருவது. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில் சிறிது நேரம்தான். அதற்குள் லாசரஸுக்குப் பயம் போய் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. அவளுக்காகத் தொழிலையே விட்டுவிட்டேன் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். இன்னொருவன் போட்டால் தடுக்க முடியாது. தன் கை போடாது, அவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை. தியாகம் செய்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

சனிக்கிழமை சாயங்காலம் ரத்தினபாய் பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“தசரதன் கடை வரைக்கும் போய்ட்டு வரலாம், வாங்க.”

“அங்கேயா?”

“புதுப் பெட்டி கடையில எப்படி இருக்குன்னு பார்க்கணும்.”

என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டே லாசரஸ் ரயில்வே கேட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, மார்க்கெட்டுக்கே வந்துவிட்டான்.

“வாங்க டீச்சரம்மா. இந்தப் பக்கமே வர்றதில்லியே” என்றான் தசரதன். கடை வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்கிற எல்லம்மா இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

“அபிதகுஜாம்பாள் சீயக்காய் ஒண்ணு கொடுங்க.”

அந்தக் கடையில் அந்தப் பெயரை ஒருவர் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தசரதன், திருப்பி அனுப்பியது போக மிஞ்சியிருந்த ஒரு புதுப் பெட்டியை எடுத்தான்.

“அத்த வாங்காத டீச்சரு” என்றாள் எல்லம்மா. “அது டூப்ளிகேட்டு. விரலை எண்ணிப் பாரு, அஞ்சுதான் கீது. நெசமானதுல ஆறு இருக்கும். போன தபா இப்டித்தான் ஒரு அஞ்சு விரல்காரி வந்தா. எம் மருமவளுக்குத் தலையெல்லாம் அரிச்சு ஒரே பேஜாராப் பூட்ச்சு.”

“கம்பெனிலயே மாத்திட்டாங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க சார்” என்று தசரதன் லாசரஸிடம் முறையிட்டான். படம் வரைந்தவன் இவன்தான் என்று அவனுக்குத் தெரியாது.

“கம்பெனிக்காரன் ஏன் மாத்தறான்? நல்லா கீற பொம்பள கையை எவனாவது வெட்டுவானா?”

லாசரஸ் தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தாரைப் பார்த்தான். ரத்தினபாயின் இடது கையில் கைக்குட்டை இறுகியிருந்தது. அவள் எல்லம்மா பக்கம் குனிந்தாள்.

“ஆறு விரல் பார்க்க அசிங்கமா இல்லையா?”

“அசிங்கம் இன்னா டீச்சரு? அது அவ கை. முடியை அள்ள ஒரு விரல் ஜாஸ்தி கீது, அதான் அவளுக்கு அம்மாம் முடி.” எல்லம்மா சாக்குக்கு அடியில் கையை விட்டுக் கசங்கிய பழைய பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள். “கடைசி ஒண்ணு. மருமவளுக்குன்னு எடுத்து வெச்சேன். உனக்கு வோணும்னா எடுத்துக்கோ.”

ரத்தினபாய் வேண்டாம் என்று தலையசைத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. எல்லம்மாவிடம் இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள்களுக்கும் ஒரு மாட்டு வண்டிக்கும் நடுவில் இருவரும் நின்றார்கள்.

“எல்லம்மா சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியும். முகத்துலயே எழுதியிருந்தது.”

லாசரஸ் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லாமல் வைத்திருந்த தியாகத்தைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. “திங்கட்கிழமைக்குள்ள மறுபடி ஆறு விரல் போடச் சொன்னார். முடியவே முடியாதுன்னுட்டேன். வேலை போனாலும் பரவாயில்ல.”

செங்கல்பட்டு ரயில் ஒன்று சத்தத்தோடு கடந்து போயிற்று.

“அவர்கிட்ட என்னிக்குச் சொன்னீங்க?”

“வியாழக்கிழமை.”

“இன்னிக்குச் சனிக்கிழமை.” அவள் குரல் உயரவில்லை. “முதல்ல வரைஞ்சப்போ என்னைக் கேக்கல. சரி, தெரியாம செஞ்சுட்டீங்க. அப்புறம் அதை எடுத்தப்போ கேட்டீங்களா? எடுங்கன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? இப்போ போட மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க, அதையும் கேக்கல. கை யாருதுங்க?”

ஒன்பது வருஷமாக அவள் கோபத்துக்கு ஒரு விரல்தான் காரணம் என்று லாசரஸ் நினைத்திருந்தான். அன்றைக்கே அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். மார்க்கெட்டு ஜனம் எல்லாம் பார்த்து எண்ணித் தெரிந்துகொண்டார்கள். கூட இருந்தவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“ரத்தினம்” என்றான். “உன் கையை வரையலாமா?”

பக்கத்துச் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் ரத்தினபாய். “கேட் திறந்தாச்சு, நடங்க.”

அன்றைக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பிரசங்கம் எதைப்பற்றி என்று லாசரஸுக்குக் கடைசி வரை தெரியாது. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. பியூலா படிக்க உட்கார்ந்தாள். அவன் மேஜைமுன் வெறுங்கையோடு இருந்தான். வேண்டாம் என்று அவள் சொன்னால் மனசுக்குள்கூட முணுமுணுக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தான். பென்சிலை எடுக்கவே பயமாக இருந்தது.

நாலு மணிக்குக் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது.

போய் எட்டிப் பார்த்தான். ரத்தினபாய் கூந்தலை அவிழ்த்து விட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையிலிருந்த கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து மடிமேல் வைத்தாள். கூந்தலின் நுனியைப் பிடித்துக் கையை வெயிலில் நீட்டினாள்.

“ஜன்னல் வழியா வேணாம். இங்க வந்து உட்காருங்க.”

அவன் முக்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டான். ஆறாவது விரல் சுண்டுவிரல் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. அதற்கு அரிசி அளவில் ஒரு நகம். பொட்டலத்தில் அவன் அதை மற்ற விரல்களைப் போல விறைப்பாக நிற்க வைத்திருந்தான்; நகமே போடவில்லை.

“கண்ணுக்குத் தெரிஞ்சதைப் போட்டேன்னு சொன்னீங்க. அன்னிக்கு நீங்க பார்க்கவே இல்ல” என்றாள்.

“இல்ல” என்று ஒப்புக்கொண்டான். “இப்படிச் சாய்ச்சுப் போடலாமா?”

ரத்தினபாய் தன் கையைத் திருப்பித் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போடுங்க. சீக்கிரம். கை வலிக்குது.”

லாசரஸ் முதல் கோட்டை அந்த விரலிலிருந்து தொடங்கினான்.